ஃப்ரீபிஎஸ்டியில் நாலு ஸ்லாட் கார்டு ரீடர்: விளக்கு எரிகிறது, கார்டு மட்டும் தெரியவில்லை

காவேரிப்பட்டினம்_தம்பி
ஞாயிறு, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டினத்தில் என் மாமா ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று முகூர்த்த நாளில் ஆள் கையில் சிக்க மாட்டார். அவரிடம் ஒரு பழைய டெஸ்க்டாப், இன்டெல் ஐ3 நாலாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்றத் தகுதியில்லை என்று மூலையில் போட்டு வைத்திருந்தார். அதில் ஃப்ரீபிஎஸ்டி 14 (லினக்ஸ் மாதிரி ஒரு இலவச இயங்குதளம்) போட்டு, இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கை இசட்எஃப்எஸ் மிரராக (ஒரே படம் இரண்டிலும் பதியும்படி) கட்டி, படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டியாக மாற்றிக் கொடுத்தேன். அதுவரை எல்லாம் நல்லபடியாகப் போனது.

இப்போது மாமா கேட்பது நியாயமான விஷயம்தான். "கேமரா கார்டை நேராக இதில் சொருகினால் படம் ஏறணும், நடுவில் இன்னொரு லேப்டாப் எதுக்கு?" என்கிறார். ஸ்டுடியோவில் ஏற்கெனவே ஒரு யூஎஸ்பி கார்டு ரீடர் இருக்கிறது, நாலு ஸ்லாட் உள்ளது. சொருகினால் பச்சை விளக்கு எரிகிறது. கார்டைப் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. இதே ரீடர் மாமாவின் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடுகிறது.

டிமெஸ்ஜியில் (சிஸ்டம் பதிந்து வைக்கும் செய்திகளில்) வருவதைச் சுருக்கித் தருகிறேன்:

யூமாஸ்0: ஜெனரிக் மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ்
டிஏ0, டிஏ1, டிஏ2, டிஏ3: ரிமூவபிள் டைரக்ட் அக்சஸ் ஸ்கசி டிவைஸ்
டிஏ0: 40.000எம்பி/எஸ் டிரான்ஸ்ஃபர்ஸ்
டிஏ0: அட்டெம்ப்ட் டு குவெரி டிவைஸ் சைஸ் ஃபெயில்டு: நாட் ரெடி, மீடியம் நாட் பிரசென்ட்

கடைசி வரி நாலுக்கும் வருகிறது. ரீடருக்கு டிரைவர் ஏதாவது தனியாகப் போடணுமா?

---

சும்மா_ஒருவன்
ஞாயிறு, இரவு 10.05

விண்டோஸ் லேப்டாப்பில் ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதிலேயே ஓட்டிவிட்டுப் போங்கள் தம்பி. ஸ்டுடியோக்காரருக்கு எதற்கு இந்தச் சோதனை?

---

காவேரிப்பட்டினம்_தம்பி
ஞாயிறு, இரவு 10.20

அண்ணா, அந்த லேப்டாப்பில் மாமா ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருப்பார். அது நிறைந்துபோனால் எதையாவது அழிப்பார், அழித்தது சில சமயம் யாரோ ஒருவர் வீட்டுத் தாலி கட்டும் படமாக இருக்கும். அதனால்தான் மிரர், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது) எல்லாம். பெட்டியை மாற்றுவதாக இல்லை.

---

தென்பெண்ணை
திங்கள், காலை 6.50

தம்பி, டிரைவர் எதுவும் வேண்டாம். உங்கள் செய்தியிலேயே எல்லாம் சரியாக இருக்கிறது. யூமாஸ்0 என்று வந்துவிட்டால் ரீடரை சிஸ்டம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நாலு ஸ்லாட் ரீடர் ஒரே யூஎஸ்பி சாதனம்தான், ஆனால் உள்ளே நாலு லன் (சாதனத்தின் உட்பிரிவு) காட்டும். ஒவ்வொரு லன்னும் தனி டிஸ்க் மாதிரி டிஏ0 முதல் டிஏ3 வரை வருகிறது. "மீடியம் நாட் பிரசென்ட்" என்பது பிழையே இல்லை, "ஸ்லாட் காலியாக இருக்கிறது" என்று ரீடர் சொல்வது. கார்டு போடாமல் ரீடரைச் சொருகினால் அப்படித்தான் வரும்.

எந்த ஸ்லாட் எந்த எண் என்று பார்க்க:

கேம்கண்ட்ரோல் டெவ்லிஸ்ட்

இதன் முடிவை இங்கே போடுங்கள். அப்புறம் இன்னொன்று செய்து பாருங்கள். ரீடரை உருவிவிட்டு, முதலில் எஸ்டி கார்டை ரீடரில் போட்டு, பிறகு ரீடரை யூஎஸ்பியில் சொருகுங்கள். இப்போது டிஏ-வுக்குப் பின்னால் எஸ்1 (கார்டின் முதல் பார்ட்டிஷன்) சேர்ந்து ஏதாவது வருகிறதா என்று எல்எஸ் /டெவ்/டிஏ* கொடுத்துப் பாருங்கள்.

---

காவேரிப்பட்டினம்_தம்பி
திங்கள், மாலை 7.15

அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்தேன். டெவ்லிஸ்ட்டில் வருவது:

ஜெனரிக்- காம்பாக்ட் ஃப்ளாஷ் (டிஏ0)
ஜெனரிக்- எஸ்டி/எம்எம்சி (டிஏ1)
ஜெனரிக்- எஸ்எம்/எக்ஸ்டி-பிக்சர் (டிஏ2)
ஜெனரிக்- எம்எஸ்/எம்எஸ்-ப்ரோ (டிஏ3)

கார்டைப் போட்டுவிட்டு ரீடரைச் சொருகினால் டிஏ1எஸ்1 வருகிறது! ரீடரைச் சொருகிவிட்டுக் கார்டைப் போட்டால் வரவே இல்லை. அப்படியென்றால் ஒவ்வொரு கார்டுக்கும் ரீடரை உருவி உருவிச் சொருக வேண்டுமா? முகூர்த்த நாள் மறுநாள் காலையில் மேசை மேல் ஏழெட்டு கார்டு கிடக்கும்.

---

தென்பெண்ணை
திங்கள், இரவு 9.30

வேண்டாம். இதுதான் விஷயத்தின் வேர், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பென் டிரைவைச் சொருகினால் யூஎஸ்பி போர்ட்டிலேயே ஒரு சாதனம் புதிதாக வந்தது தெரிந்துவிடும். கார்டு ரீடர் அப்படியில்லை. ரீடர் ஏற்கெனவே போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வயிற்றுக்குள் கார்டு போனதையும் வந்ததையும் அது தானாகக் கூவிச் சொல்லாது. சிஸ்டம்தான் அடிக்கடி போய், "இருக்கியா, ரெடியா?" என்று கேட்க வேண்டும். டிஸ்க்கோடு சிஸ்டம் பேசும் ஸ்கசி என்ற கட்டளை மொழியில் அதற்கு டெஸ்ட் யூனிட் ரெடி என்று பெயர்.

ஃப்ரீபிஎஸ்டியும் கேட்கிறது. சிஸ்கண்ட்ரோல் கெர்ன்.கேம்.டிஏ.போல்_பீரியட் என்று கொடுத்துப் பாருங்கள், 3 என்று வரும். 3 நொடிக்கு ஒருமுறை கேட்கிறது என்று பொருள். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான ரீடர், "ரெடி, ஆனால் உள்ளே இருப்பது மாறியிருக்கலாம்" என்று ஒருமுறை எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைக் கேட்டால்தான் ஃப்ரீபிஎஸ்டியில் டிஸ்க்குகளைக் கவனிக்கும் ஜியாம் பகுதி விழித்துக்கொண்டு பார்ட்டிஷன் பட்டியலைப் புதிதாகப் படிக்கும். மலிவான ரீடர்கள் சில இந்த எச்சரிக்கையை விழுங்கிவிட்டு நேராக "ரெடி" என்று மட்டும் சொல்லும். அதைக் கேட்டு ஃப்ரீபிஎஸ்டி "சரி" என்று போய்விடும். டிஏ1 இருக்கும், டிஏ1எஸ்1 வராது.

வழி ரொம்பச் சுலபம். கார்டைப் போட்ட பிறகு ரூட்டாக (நிர்வாகி கணக்கில்) இதைக் கொடுங்கள்:

ட்ரூ > /டெவ்/டிஏ1

இது கார்டில் ஒரு பைட் கூட எழுதாது. எழுதுவதற்கென்று திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடுகிறது, அவ்வளவுதான். அப்படி மூடும்போது ஜியாம் மறுபடி ருசி பார்க்கும் (அவர்கள் வைத்த பெயரே அதுதான், டேஸ்டிங்). உடனே டிஏ1எஸ்1 வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. ட்ரூ என்ற இடத்தில் வேறு கட்டளை எதையும் போட்டு விளையாடாதீர்கள், அது கார்டின் தலையிலேயே எழுதிவிடும். அப்புறம், எஸ்டி கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டுச் சுவிட்ச் கீழே தள்ளியிருந்தால் எழுதத் திறக்க விடாது. அந்தச் சுவிட்ச் வெறும் பிளாஸ்டிக் துண்டு, கார்டின் சிப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ரீடர்தான் அது எங்கே நிற்கிறது என்று பார்த்து முடிவெடுக்கிறது. பழைய மைக்ரோ எஸ்டி அடாப்டர்களில் அது தளர்ந்துபோய் தானாகக் கீழே இறங்கும்.

---

ஓசூர்_ரோஜா
திங்கள், இரவு 10.10

லினக்ஸ் பக்கம் இருந்து ஒரு தகவல். இதே மாதிரி ரீடர் என்னிடமும் இருக்கிறது, லினக்ஸ் மின்டில் கார்டைப் போட்டதும் தானாக ஜன்னல் திறக்கிறது. லினக்ஸும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், பொதுவாக 2 நொடிக்கு ஒருமுறை. ஆனால் போன தடவை கார்டு இருந்ததா, இப்போது இருக்கிறதா என்று அதுவே குறித்து வைத்து ஒப்பிட்டுக்கொள்கிறது. அதனால் ரீடர் எச்சரிக்காவிட்டாலும் பிடித்துவிடுகிறது.

அங்கே வேறு தலைவலி. கார்டை எடுக்கும்போது "பாதுகாப்பாக நீக்கு" என்பதைச் சொடுக்கினால் சில டெஸ்க்டாப்பில் ரீடருக்கே மின்சாரத்தை நிறுத்திவிடும். அடுத்த கார்டைப் போட்டால் செத்த மாதிரி கிடக்கும், உருவிச் சொருகினால்தான் உயிர் வரும். கார்டு மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் "அன்மவுண்ட்" மட்டும் செய்தால் போதும். எல்எஸ்பிஎல்கேயில் (டிஸ்க் பட்டியல் காட்டும் கட்டளை) எஸ்டிபி, எஸ்டிசி என்று நாலு பெயர் 0பி அளவோடு வருவதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள், அதெல்லாம் காலி ஸ்லாட்.

---

காவேரிப்பட்டினம்_தம்பி
செவ்வாய், இரவு 8.00

தென்பெண்ணை அண்ணா, ட்ரூ வேலை செய்தது. அடித்த உடனே டிஏ1எஸ்1 வந்தது. மாமாவின் பழைய 16 ஜிபி கார்டு மவுண்ட் -டி எம்எஸ்டாஸ்எஃப்எஸ் (ஃபேட் கார்டைத் திறக்கும் கட்டளை) கொடுத்ததும் திறந்துவிட்டது.

ஆனால் இப்போது அவர் பயன்படுத்துவதெல்லாம் 64 ஜிபி, 128 ஜிபி. அவற்றுக்கு "இன்வேலிட் ஆர்கியுமென்ட்" என்று வருகிறது. ரீடர் பழசு, பெரிய கார்டைப் படிக்காது என்கிறார் கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்காரர். புது ரீடர் வாங்கணுமா?

---

தென்பெண்ணை
செவ்வாய், இரவு 9.10

வாங்க வேண்டாம். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது.

எஸ்டி கார்டில் நமக்கு வேண்டியது மூன்று சாதி. 2 ஜிபி வரை சாதாரண எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி, இது 2006-இல் வந்தது. அதற்கும் மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி, 2009-இல் வந்தது. முதல் சாதி கார்டில் இடத்தை பைட் கணக்கில் குறிப்பார்கள், எஸ்டிஹெச்சி முதல் 512 பைட் கொண்ட கட்டக் கணக்கு. அதனால் 2006-க்கு முந்தைய ரீடருக்கு 4 ஜிபி கார்டே புரியாது. உங்கள் ரீடர் 16 ஜிபியைப் படித்துவிட்டதே, அப்போதே அந்தக் கண்டம் தாண்டியாயிற்று. எஸ்டிஹெச்சி படிக்கும் ரீடர் பெரும்பாலும் எஸ்டிஎக்ஸ்சியையும் படிக்கும். ஜிபார்ட் ஷோ டிஏ1 கொடுத்துப் பாருங்கள், முழு அளவும் சரியாகக் காட்டினால் ரீடர் மேல் குற்றமில்லை.

மாட்டுவது கோப்பு முறையில். எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளுக்கு எக்ஸ்ஃபேட் என்பது விதி. கேமராவிலேயே ஃபார்மட் செய்தாலும் 64 ஜிபிக்கு எக்ஸ்ஃபேட்தான் போடும். எம்எஸ்டாஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது, அதனால்தான் அந்த மொட்டை பதில். ஃப்ரீபிஎஸ்டி கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையம்) எக்ஸ்ஃபேட் இல்லை, ஃப்யூஸ் (கோப்பு முறையைக் கெர்னலுக்கு வெளியே ஓட்டும் வசதி) வழியாகத்தான் போக வேண்டும்:

பிகேஜி இன்ஸ்டால் ஃப்யூஸ்எஃப்எஸ்-எக்ஸ்ஃபேட்
கேஎல்டிலோட் ஃப்யூஸ்எஃப்எஸ்
சிஸ்ஆர்சி கேஎல்டி_லிஸ்ட்+=ஃப்யூஸ்எஃப்எஸ்

மூன்றாவது வரி, பெட்டியை அணைத்துப் போட்டாலும் ஃப்யூஸ் தானாக ஏறிக்கொள்வதற்கு. பிறகு:

மவுண்ட்.எக்ஸ்ஃபேட் -ஓ ஆர்ஓ /டெவ்/டிஏ1எஸ்1 /எம்என்டி

ஆர்ஓ (படிக்க மட்டும்) என்பதை விட்டுவிடாதீர்கள். படம் எடுத்த கார்டில் கணினி எழுத வேண்டிய அவசியமே இல்லை. அழிப்பதும் ஃபார்மட் செய்வதும் கேமராவின் வேலை.

---

ஓசூர்_ரோஜா
செவ்வாய், இரவு 9.40

லினக்ஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: அங்கேயும் ஒரு காலத்தில் ஃப்யூஸ்தான். 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு 5.4 கெர்னலில் ஒரு அரைகுறை டிரைவர் வந்தது, 2020-இல் 5.7 கெர்னலில் சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் சேர்ந்தது. இப்போதைய மின்ட், உபுண்டு வைத்திருப்பவர்கள் எதுவும் நிறுவ வேண்டாம். பழைய போஸ் லினக்ஸ் ஓடும் இலவச லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் வேண்டும்.

---

சந்தூர்_மாங்கா
செவ்வாய், இரவு 11.25

பேச்சோடு பேச்சாக என் கதையையும் கேளுங்கள். சந்தையில் 512 ஜிபி மைக்ரோ எஸ்டி வாங்கினேன், விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரீடரில் போட்டால் 512 என்றுதான் காட்டுகிறது. தோட்டத்து வீடியோ எல்லாம் ஏற்றினேன். முதலில் ஏற்றியது ஓடுகிறது, பின்னால் ஏற்றியது எதுவும் திறக்கவில்லை. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இதற்கும் ரீடர்தான் காரணமா?

---

தென்பெண்ணை
புதன், காலை 6.40

ரீடர் பாவம். உங்கள் கார்டு போலி. உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், கூடையில் மேலடுக்கு மட்டும் மல்கோவா, கீழே வைக்கோல். உள்ளே இருக்கும் சிப் 8 ஜிபியோ 16 ஜிபியோ இருக்கும், கண்ட்ரோலரிடம் மட்டும் 512 என்று சொல்லச் சொல்லியிருப்பார்கள். அந்த எல்லை தாண்டி எழுதியதெல்லாம் காற்றில்.

எஃப்3 என்று ஒரு கருவி இருக்கிறது. எஃப்3ரைட் கார்டு முழுக்க எழுதும், எஃப்3ரீட் திரும்பப் படித்து எவ்வளவு நிஜம் என்று சொல்லும். பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும், இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். லினக்ஸில் எஃப்3ப்ரோப் இருக்கிறது, அது கொஞ்ச நேரத்திலேயே உண்மையான அளவைக் கண்டுபிடிக்கும், ஆனால் டிஸ்க்கை நேராகத் தொடும் என்பதால் கார்டில் இருப்பதை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். தம்பி, நீங்களும் மாமா வாங்கும் ஒவ்வொரு புதுக் கார்டையும் கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் முன் இதில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

---

சந்தூர்_மாங்கா
புதன், காலை 7.05

மல்கோவா என்று சொல்லி வாயில் எச்சில் ஊற வைத்துவிட்டீர்கள். கார்டு போனது போகட்டும்.

---

கூத்துப்பதிவு
புதன், பிற்பகல் 2.30

தர்மபுரி பக்கம் தெருக்கூத்தைப் பதிவு செய்து வைக்கிறேன். விடிய விடிய நடக்கும் கூத்து என்பதால் ஒலிப்பதிவுக் கருவியில் 32 ஜிபி கார்டு போட்டு விட்டுவிடுவேன். என் பையன் லேப்டாப்பில் கோஸ்ட்பிஎஸ்டி (ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்த இயங்குதளம்) போட்டுக் கொடுத்திருக்கிறான். கார்டு தெரிகிறது. ஆனால் நான் தமிழில் பெயர் வைத்த கோப்புகள் எல்லாம் கேள்விக்குறியாக வருகின்றன. "படுகளம் இரவு" என்று வைத்தது வெறும் ???????? ஆகிவிட்டது. கோப்பு கெட்டுவிட்டதா? இன்னொரு சந்தேகம், ஒரே இரவுப் பதிவு ஏன் துண்டு துண்டாக வருகிறது?

---

தென்பெண்ணை
புதன், இரவு 8.15

ஐயா, கோப்பு கெடவில்லை, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். ஃபேட்32 என்ற கோப்பு முறை உள்ள கார்டில் நீளப் பெயர்கள் யூனிகோடில்தான் இருக்கின்றன, தமிழும் அப்படியே பத்திரமாக இருக்கும். மவுண்ட் செய்யும்போது எந்த எழுத்து முறையில் காட்டுவது என்று நாம் சொல்லாவிட்டால் எம்எஸ்டாஸ்எஃப்எஸ் ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 என்று எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமில்லை, அதனால் கேள்விக்குறி. இப்படிக் கொடுங்கள்:

மவுண்ட்_எம்எஸ்டாஸ்எஃப்எஸ் -எல் ஈஎன்_யூஎஸ்.யூடிஎஃப்-8 /டெவ்/டிஏ0எஸ்1 /எம்என்டி

ஈஎன்_யூஎஸ் என்று இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், முக்கியம் பின்னால் வரும் யூடிஎஃப்-8 மட்டும்தான். ஒரு வேண்டுகோள், கேள்விக்குறியாகத் தெரியும்போது அந்தக் கோப்புகளைப் பெயர் மாற்றவோ நகர்த்தவோ வேண்டாம். முதலில் சரியாக மவுண்ட் செய்துவிட்டு எதுவானாலும் செய்யுங்கள்.

துண்டாக வருவதற்குக் காரணம் ஃபேட்32-இன் எல்லை. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. கருவி அதைத் தெரிந்துகொண்டு எல்லை வரும் முன்பே மூடிவிட்டு அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். நடுவில் ஒன்றும் விட்டுப்போகாமல் எழுதும் கருவிகளே அதிகம், ஆனாலும் உங்கள் கருவியில் இரண்டு துண்டின் விளிம்பை ஒட்டிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மத்தளம் அடிக்கிற இடமாகப் பார்த்துக் கேட்டால் சின்ன வெட்டு இருந்தாலும் காதில் படும்.

---

கூத்துப்பதிவு
வியாழன், காலை 10.00

பெயர்கள் தமிழில் வந்துவிட்டன. பையனிடம் சொன்னேன், அவனே ஆச்சரியப்பட்டான். மிக்க நன்றி.

---

காவேரிப்பட்டினம்_தம்பி
வியாழன், இரவு 9.20

64 ஜிபி கார்டு திறந்துவிட்டது. ஆனால் கொண்டாட விடமாட்டேன் என்கிறது. சின்னச் சின்னதாக எடுத்தால் வருகிறது. முழு கல்யாணத்தையும் ஆர்சிங்க் (மொத்தமாக நகலெடுக்கும் கருவி) கொடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. டிமெஸ்ஜியில் "யூமாஸ்0: பிபிபி ரீசெட் ஃபெயில்டு" என்று வரிசையாக வருகிறது, அப்புறம் டிஏ நாலும் காணாமல் போய்விடுகின்றன. கார்டை மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான்.

---

தென்பெண்ணை
வியாழன், இரவு 9.45

ரீடரை எந்த போர்ட்டில் சொருகியிருக்கிறீர்கள்? கேபினட் முன்பக்கமா?

---

காவேரிப்பட்டினம்_தம்பி
வியாழன், இரவு 9.50

ஆமாம் அண்ணா. மாமா குனிந்து பின்னால் தேட மாட்டார்.

---

தென்பெண்ணை
வியாழன், இரவு 10.15

முன்பக்க போர்ட் மதர்போர்டோடு நேராக இல்லை. உள்ளே ஒரு மெல்லிய கேபிள் ஓடி, பின்னில் செருகப்பட்டிருக்கும். பழைய கேபினட்டில் அந்தக் கேபிளும் போர்ட்டின் உலோக நாக்கும் தளர்ந்திருக்கும், தூசும் சேர்த்து. விளக்கு எரிவதற்கு அது போதும். நிறைய நேரம் வேகமாகத் தரவு ஓடும்போதுதான் மானம் போகும். ரீடரைப் பின்பக்க போர்ட்டில் நேராகச் சொருகி அதே கார்டை முழுசாக ஓட்டுங்கள். மாமாவுக்கு எட்டவில்லை என்றால் நல்ல தடிமனான குட்டை எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று போட்டு மேசைக்குக் கொண்டு வாருங்கள். மூன்று மீட்டர் மெல்லிய கேபிள் வாங்கினால் மறுபடி இங்கேயே வந்து நிற்பீர்கள்.

இன்னொன்று. "40.000எம்பி/எஸ்" என்று வந்ததைப் பார்த்து அந்த வேகத்தில் ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். அது யூஎஸ்பி 2 என்பதற்காக அச்சடிக்கும் எண், அளந்து சொல்வதில்லை. நடப்பில் நொடிக்கு 20 எம்பி கிடைத்தால், நிறைந்த 64 ஜிபி கார்டுக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

---

காவேரிப்பட்டினம்_தம்பி
வெள்ளி, இரவு 10.30

பின்பக்கம் போட்டதும் முழு கார்டும் நிற்காமல் ஏறியது. ரீசெட் வரி ஒன்றுகூட வரவில்லை.

இப்போது மாமாவுக்காக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான். சொடுக்கினால் கேம்கண்ட்ரோல் டெவ்லிஸ்ட்டில் "எஸ்டி/எம்எம்சி" என்ற சொல்லைத் தேடி டிஏ எண்ணை எடுக்கும். பென் டிரைவ் ஏதாவது முதலில் சொருகியிருந்தால் எண் மாறிவிடுகிறது, அதனால் டிஏ1 என்று நேராக எழுதவில்லை. பிறகு ட்ரூ, இரண்டு நொடி காத்திருப்பு, எக்ஸ்ஃபேட்டாக ஆர்ஓ மவுண்ட், முடியாவிட்டால் எம்எஸ்டாஸ்எஃப்எஸ்ஸாக ஆர்ஓ மவுண்ட். அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆர்சிங்க். கடைசியில் யூமவுண்ட், இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட், "கார்டை எடுக்கலாம்" என்று தமிழில் ஒரு பெட்டி. மாமாவுக்கு ரூட் கடவுச்சொல் தராமல் டூஆஸ் என்ற கருவியில் இந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறேன். ஏதாவது ஓட்டை தெரிகிறதா?

---

தென்பெண்ணை
சனி, காலை 7.00

நன்றாக இருக்கிறது. இரண்டு இடம் மட்டும்.

ஒரே நாளில் இரண்டு கேமரா கார்டு வந்தால் என்ன ஆகும்? இரண்டிலும் ஒரே பெயரில் படம் இருக்க வாய்ப்பு அதிகம். கேமராக்கள் எண்ணை 9999 வரை ஓட்டிவிட்டு மறுபடி 0001-க்கு வந்துவிடும், ஃபோல்டர் பெயர்களும் ஒரே மாதிரிதான் இருக்கும். தேதி ஃபோல்டரில் இரண்டாவது கார்டை ஏற்றினால் ஆர்சிங்க் கேட்காமலே முதல் கார்டின் படத்தின் மேல் எழுதிவிடும். தேதியோடு மணியும் நிமிடமும் சேர்த்துத் தனி ஃபோல்டர் போடுங்கள். கார்டின் லேபிளை நம்பாதீர்கள், ஒரே கம்பெனி கேமராவில் ஃபார்மட் செய்த கார்டெல்லாம் ஒரே லேபிளோடு வரும்.

ஆர்சிங்க் பிழையோடு முடிந்தால் "கார்டை எடுக்கலாம்" என்ற பெட்டி வரக் கூடாது. அதன் வெளியேறு எண் 0 இல்லையென்றால் சிவப்பில் வேறு பெட்டி காட்டுங்கள். மாமா அந்தப் பெட்டியைப் பார்த்துத்தானே கார்டைக் கேமராவில் போட்டு ஃபார்மட் செய்யப்போகிறார்.

---

சும்மா_ஒருவன்
சனி, காலை 11.10

என் விண்டோஸிலும் அந்த மேல் எழுதும் வேலை நடந்திருக்கிறது, "ரீப்ளேஸ்" என்று கேட்டது, பையன் "ஆமாம்" கொடுத்துவிட்டான். ஸ்கிரிப்டைத் தம்பி இங்கே போட்டால் எனக்கும் உதவும்.

---

காவேரிப்பட்டினம்_தம்பி
சனி, மாலை 6.30

இரண்டையும் திருத்திவிட்டேன் அண்ணா. சும்மா அண்ணா, நாளைக்கு மாமா கடையில் ஒருமுறை நிஜமாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன். ஆனால் அது ஃப்ரீபிஎஸ்டிக்கு எழுதியது, விண்டோஸில் ஓடாது. ஃப்ரீபிஎஸ்டி பக்கம் இப்போதும் இடம் காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள்.

---

அரூர்_ஆசிரியை
ஞாயிறு, காலை 9.15

எனக்கும் ஒரு கேள்வி. லேப்டாப்பிலேயே எஸ்டி கார்டு ஸ்லாட் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி 14 போட்டுப் பார்க்கிறேன். யூமாஸ் என்ற வரியே வரவில்லை, டிஏ எதுவும் இல்லை. ட்ரூ போடுவதற்கு எண்ணே இல்லையே?

---

தென்பெண்ணை
ஞாயிறு, காலை 10.40

டீச்சர், லேப்டாப் ஸ்லாட் பெரும்பாலும் வேறு இனம். முதலில் பிசிஐகான்ஃப் -எல்வி கொடுத்து அதில் ரியல்டெக் கார்டு ரீடர் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேஎல்டிலோட் ஆர்டிஎஸ்எக்ஸ். இந்த டிரைவர் ஃப்ரீபிஎஸ்டி 13.0-இல் வந்தது, உங்கள் 14-இல் இருக்கும். பிசிஐ பட்டியலில் இல்லாமல் யூஎஸ்பிகான்ஃபிக் பட்டியலில் ரியல்டெக் வந்தால், அது உள்ளுக்குள் யூஎஸ்பியில் இணைத்த வகை. சில மாடல்கள் மாஸ் ஸ்டோரேஜ் மொழி பேசாது, யூமாஸ் அதைத் தொடாது. அதோடு மல்லுக்கட்டுவதை விட வெளியே சொருகும் ரீடர் ஒன்று வாங்கிவிடலாம், அதிக விலையில்லை. யூஎஸ்பி 3, ஒன்று அல்லது இரண்டு ஸ்லாட் உள்ளது போதும்.

---

அரூர்_ஆசிரியை
ஞாயிறு, பகல் 12.05

பிசிஐ பட்டியலில்தான் இருந்தது. ஆர்டிஎஸ்எக்ஸ் ஏற்றியதும் எம்எம்சிஎஸ்டி0 என்று வந்தது, பின்னாலேயே எம்எம்சிஎஸ்டி0எஸ்1. கார்டை எடுத்துப் போட்டாலும் தானாகவே வருகிறது. நான் ட்ரூ எதுவும் கொடுக்கவில்லை.

---

தென்பெண்ணை
ஞாயிறு, பகல் 12.30

கொடுக்கத் தேவையில்லை. அங்கே கார்டு உள்ளே போனதும் சிப் இன்டரப்ட் அடித்துத் தானே சொல்லிவிடும், யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை. லோடர்.கான்ஃப் கோப்பில் ஆர்டிஎஸ்எக்ஸ்_லோட்="எஸ்" என்று சேர்த்துவிடுங்கள், அடுத்த முறை பூட் ஆகும்போது கையால் ஏற்ற வேண்டாம். 64 ஜிபி கார்டு என்றால் மேலே தம்பிக்குச் சொன்ன எக்ஸ்ஃபேட் வரிகள் அப்படியே உங்களுக்கும் பொருந்தும், டிஏ1எஸ்1 என்ற இடத்தில் எம்எம்சிஎஸ்டி0எஸ்1 போட்டுக்கொள்ளுங்கள்.